லினக்ஸ்ல விண்டோஸ் 3டி சாஃப்ட்வேர் திக்காம ஓடணுமா, மொதல்ல வேலை கிராபிக்ஸ் கார்டு வரைக்கும் போகுதான்னு பாருங்க

மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கம் வீட்டு பிளான் போடுற, எலிவேஷன் 3டி பண்ணுற பசங்க நெறைய பேரு இப்ப ஒரே கேள்வியத்தான் கேக்காங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் நின்னு போச்சு, கையில கெடக்கது இன்டெல் 6ஆம் தலைமுறை, 7ஆம் தலைமுறை லேப்டாப்பு, விண்டோஸ் 11க்கு பொதுவா 8ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0ங்க பாதுகாப்பு சிப்பும் வேணும், புதுசு வாங்க இப்ப வழியில்ல, விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்டுன்னு இலவசமா கெடைக்குற ஓஎஸ் போட்டா மெஷின் நல்லா ஓடும்னு சொல்லுதாங்க ஆனா எங்க சாஃப்ட்வேர் எல்லாம் விண்டோஸுக்குள்ளதுல்லா, அது ஓடுமா, ஓடுனாலும் மாடல சுத்தும்போது திக்காம சுத்துமா?

பெரும்பாலும் ஓடும், திக்காமலும் சுத்தும். ஆனா ஒரு விஷயம் புரிஞ்சுக்கிடணும். சாஃப்ட்வேர் தொறந்துட்டதுனால மட்டும் அது கிராபிக்ஸ் கார்டுல, அதாவது படம் வரையுறதுக்குன்னே உள்ள சிப்புல, ஓடுதுன்னு அர்த்தம் இல்ல. வழியில எங்கயாவது ஒரு இடத்துல அறுந்துபோனா மொத்த படத்தையும் பிராசஸரே வரைய ஆரம்பிச்சிடும், எர்ரர் ஒண்ணும் காட்டாது, சும்மா மெதுவா ஓடும், ஃபேன் கத்தும், நாம லினக்ஸே இப்படித்தான் போலன்னு நெனச்சு அழிச்சுட்டு திரும்ப விண்டோஸ் போட்டுருவோம். அதனால இந்த குறிப்புல நான் திரும்பத் திரும்ப கேக்கப்போறது ஒண்ணுதான், வேலை கார்டு வரைக்கும் போய் சேந்துச்சா.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு அதுக்குள்ள முழு விண்டோஸையும் ஏத்துறது. இதுல உள்ள இருக்க விண்டோஸுக்கு உங்க நெசமான கார்டு கண்ணுல படாது, விர்ச்சுவல்பாக்ஸ் உண்டாக்கி வச்சிருக்க ஒரு போலி கார்டுதான் தெரியும். 2022ல வந்த 7.0ல இருந்து அதுல 3டி கொஞ்சம் முன்னேறிருக்கு, இருந்தாலும் 8 ஜிபி ரேம்ல ரெண்டு ஓஎஸ்ஸும் பங்கு போட்டு ஓடும்போது பெரிய மாடல் தொறந்தா மூச்சு வாங்கும். நெசமான கார்டையே உள்ள குடுக்க ஜிபியு பாஸ்த்ரூன்னு ஒண்ணு உண்டு, அதுக்கு பொதுவா ரெண்டு கார்டு வேணும், பிராசஸர், மதர்போர்டு ரெண்டுலயும் அதுக்கு சப்போர்ட் இருக்கணும், லேப்டாப்ல அது பெரிய தலைவேதனை. நம்ம வேலைக்கு அது வேண்டாம்.

ரெண்டாவது வழி வைன். 1993ல ஆரம்பிச்ச பிராஜெக்ட், 1.0ன்னு ஒரு வெர்ஷன் வர 2008 ஆயிட்டு, இன்னைக்கும் வருஷா வருஷம் புது வெர்ஷன் வருது. இதுல விண்டோஸே கெடையாது. கேரளா எல்லைல களியக்காவிளை செக்போஸ்ட் பக்கம் ரெண்டு பாஷையும் சரளமா பேசுற ஆளு நடுவுல நின்னு இந்தப் பக்கத்து பேச்ச அந்தப் பக்கம் சொல்லி விடுவாரு பாத்தியளா, வைன் பண்ணுறது அதுதான். சாஃப்ட்வேர் விண்டோஸ்கிட்ட கேக்குறத வைன் வாங்கி லினக்ஸுக்கு புரியுற மாதிரி கேக்கும். நம்ம லேப்டாப்ல உள்ள பிராசஸர் ரெண்டு ஓஎஸ்ஸுக்கும் ஒண்ணுதாங்கதால பிராசஸர எமுலேட் பண்ண, அதாவது வேற பிராசஸர் மாதிரி நடிச்சுக் காட்ட, வேண்டிய தேவையே வராது, அதான் வேகம் குறையாம நிக்குது. ராஸ்பெர்ரி பை மாதிரி ஏஆர்எம் போர்டுல ஓட்டணும்னாதான் பாக்ஸ்64 மாதிரி ஒரு எமுலேட்டர் கூடுதலா வேணும், அங்க பிராசஸரையும் சேத்து எமுலேட் பண்ணுறதால வேகம் நல்லாவே குறையும், வேலைக்கு அத நம்பாதீங்க.

இப்ப கிராபிக்ஸ் விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் சாஃப்ட்வேர் கார்டுகிட்ட பேசுறதுக்கு முக்கியமா ரெண்டு பாஷை உண்டு, ஓபன்ஜிஎல், டைரக்ட்3டி. உங்க சாஃப்ட்வேர் ஓபன்ஜிஎல் பேசுறதா இருந்தா வைன் அத கிட்டத்தட்ட அப்படியே லினக்ஸ் டிரைவர்கிட்ட தள்ளி விட்டுரும், நடுவுல பெரிய வேலை இல்ல. ஸ்கெட்ச்அப் மேக் 2017, அதாவது இலவசமா கெடச்ச கடைசி டெஸ்க்டாப் ஸ்கெட்ச்அப், ஓபன்ஜிஎல்தான். டைரக்ட்3டி பேசுற சாஃப்ட்வேருனா மொழிமாத்தணும், அதுக்கும் ரெண்டு ஆளு இருக்காங்க. வைனுக்குள்ளயே இருக்க வைன்டி3டி அத ஓபன்ஜிஎல்லா மாத்தும், டிஎக்ஸ்விகேன்னு தனியா ஒண்ணு அத வல்கன்ங்க இன்னொரு கிராபிக்ஸ் பாஷையா மாத்தும். டைரக்ட்3டி 9, 10, 11க்கு டிஎக்ஸ்விகே, 12க்கு விகேடி3டி-புரோட்டான். வேகம்னு பாத்தா டிஎக்ஸ்விகேதான் பெரும்பாலும் நல்லாருக்கும். வால்வ் கம்பெனி 2018ல தன்னோட ஸ்டீம்ங்க கேம் கடைக்காக கொண்டுவந்த புரோட்டான் இந்த வைனையும் டிஎக்ஸ்விகேயையும் சேத்து கட்டினதுதான், கேம் ஆடுற பசங்க புண்ணியத்துல நமக்கும் வேலை செய்ய நல்ல கருவி கெடச்சிருக்கு.

பலரும் கோட்டை விடுற இடம் இது. சாஃப்ட்வேர் ஓபன்ஜிஎல்லா இருக்கும், இவங்க டிஎக்ஸ்விகேய மாத்தி மாத்தி போட்டுட்டு ஒரு வித்தியாசமும் இல்லியேன்னு தவிப்பாங்க. அது அந்த வழியா போகவே இல்ல, எப்படி வித்தியாசம் தெரியும்? உங்க சாஃப்ட்வேர் எத பேசுதுன்னு அதோட சிஸ்டம் ரெக்வயர்மென்ட்ஸ்லயே போட்டிருக்கும், மொதல்ல அத படிச்சு வச்சுக்கிடுங்க.

சரி, வேலைய ஆரம்பிப்போம். வைன் போடுறதுக்கு முன்னாடி லினக்ஸே கார்ட பாக்குதான்னு உறுதி பண்ணணும். இன்டெல், ஏஎம்டி கார்டுன்னா மின்ட்ல மெசா டிரைவர் தானாவே இருக்கும். என்விடியான்னா மெனுவுல டிரைவர் மேனேஜர தொறந்து ரெக்கமென்டட்னு காட்டுறத போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. பயாஸ்ல செக்யூர் பூட் ஆன்ல இருந்தா டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் கேக்கும், ரீஸ்டார்ட் ஆகும்போது நீல கலர்ல ஒரு ஸ்கிரீன் வரும், அதுல என்ரோல் மாக்னு இருக்கத தெரிவு செஞ்சு அதே பாஸ்வேர்ட குடுக்கணும். அந்த நீல ஸ்கிரீன் கொஞ்ச நேரந்தான் நிக்கும், கவனிக்காம விட்டா டிரைவர் ஏறியும் ஏறாத மாதிரிதான்.

அப்புறம் கமாண்ட் அடிக்கிற டெர்மினல தொறந்து ஜிஎல்எக்ஸ்இன்ஃபோன்னு சின்ன எழுத்துல சேத்து அடிச்சு, ஒரு இடம் விட்டு, ஒரு மைனஸ், அதோட ஒட்டி பெரிய எழுத்து பி போட்டு என்டர் அடிங்க. அந்த கமாண்ட் இல்லன்னு சொன்னா மெசா-யுடில்ஸ்னு ஒரு பேக்கேஜ் இருக்கும், அத போட்டுக்கிடுங்க. வர்றதுல ஓபன்ஜிஎல் ரெண்டரர்னு ஒரு வரி இருக்கும், அங்க உங்க கார்டு பேரு வரணும். இன்டெல் எச்டி 520ன்னோ, ரேடியான்னோ, ஜிஃபோர்ஸ்னோ வந்தா கொள்ளாம். எல்எல்விஎம்பைப்னு வந்துச்சுன்னா அங்கயே நில்லுங்க. அது கார்டு இல்ல, பிராசஸர் கார்டு வேலைய தானே பாத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இத சரி பண்ணாம மேல போனா என்ன செஞ்சாலும் திக்கத்தான் செய்யும். வல்கனுக்கும் இதே மாதிரி வல்கன்இன்ஃபோன்னு ஒண்ணு உண்டு, வல்கன்-டூல்ஸ் பேக்கேஜ்ல வரும், ரெண்டு மைனஸ் போட்டு சம்மரின்னு சேத்து அடிச்சா சுருக்கமா காட்டும். அதுல கார்டு பேரும் எந்த வல்கன் வெர்ஷன்ங்கதும் வரும், அந்த நம்பர குறிச்சு வச்சுக்கிடுங்க, கொஞ்ச நேரத்துல வேணும்.

ஏன் வேணும்னா டிஎக்ஸ்விகே 2.0ல இருந்து வல்கன் 1.3 இல்லாம ஓடாது. இன்டெல் 6ஆம் தலைமுறையோ அதுக்கு மேலயோன்னா பிரச்சனை இல்ல. என்விடியால 900 சீரிஸ், 1000 சீரிஸ் எல்லாம் செரியா வரும், ஆனா 600, 700 சீரிஸ்ல உள்ள கெப்ளர் கார்டுக்கு கடைசி டிரைவர் 470, அதுல வல்கன் 1.2தான், அதுக்கு டிஎக்ஸ்விகே 1.10.3 போடணும். அதுக்கும் முந்தின 400, 500 சீரிஸ் ஃபெர்மி கார்டுல வல்கனே கெடையாது. இன்டெல் 3ஆம், 4ஆம் தலைமுறைல வல்கன் அரைகுறைதான், அதுல டிஎக்ஸ்விகேய முழுசா ஆஃப் பண்ணிட்டு வைன்டி3டில ஓட்டுறதுதான் நிம்மதி. 2011ல இருந்து அரசு குடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் நம்ம ஊர்ல நெறைய வீட்டுல ஓடிக்கிட்டு இருக்கு, அதுல பழைய மாடல வச்சிருக்கவங்க ஓபன்ஜிஎல் சாஃப்ட்வேரோட நின்னுக்கிடுறது நல்லது, சின்ன வீட்டு மாடல் அதுல தாராளமா சுத்தும், மரம், காரு, ஆளுன்னு எல்லாம் இறக்கி வச்ச பெரிய சீன் வேண்டாம்.

வைன நேரடியா போடலாம், ஆனா புதுசா வர்றவங்களுக்கு நான் பாட்டில்ஸ்னு ஒரு ஆப்பத்தான் சொல்லுவேன். ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனித்தனி பாட்டில், ஒண்ணுல கை வச்சா இன்னொண்ணு கெடாது. மின்ட்டோட சாஃப்ட்வேர் மேனேஜர்ல தேடி ஃபிளாட்பேக் வெர்ஷன, அதாவது தேவையானதெல்லாம் சேத்து தனியா கட்டி வர்ற பேக்கேஜ, போடுங்க. மொதல் தடவ தொறக்கும்போது அது கொஞ்சம் டவுன்லோட் பண்ணும், மழ நேரத்துல கரண்ட் போகும், நெட்டும் போகும், ஆனி ஆடிலயும் மழ, ஐப்பசி கார்த்திகைலயும் மழன்னு ரெண்டு பருவமும் நமக்கு கிட்டுறதால வானம் தெளிஞ்ச நேரம் பாத்து இத முடிச்சுக்கிடுங்க, பாதியில அறுந்தா ரன்னர், அதாவது பாட்டில்ஸ் பயன்படுத்துற வைன் வெர்ஷன், அரைகுறையா ஏறி பிறகு காரணமே தெரியாத எர்ரரா வரும்.

புது பாட்டில் உண்டாக்கும்போது அப்ளிகேஷன், கேமிங், கஸ்டம்னு கேக்கும். வேலை சாஃப்ட்வேருக்கு அப்ளிகேஷன். உள்ள போனதும் உடனே செட்டப் ஃபைல ஓட்டாதீங்க, மொதல்ல டிப்பென்டன்சீஸ்ங்க இடத்துக்கு போய் உங்க சாஃப்ட்வேர் கேக்குற விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம், டாட்நெட், கோர்ஃபான்ட்ஸ் இதுகள போடுங்க, டைரக்ட்3டி 9 சாஃப்ட்வேருன்னா டி3டிஎக்ஸ்9உம். சாஃப்ட்வேரோட இன்ஸ்டாலரே இதையெல்லாம் தானா போட பாக்கும், வைன்ல அந்த இடத்துலதான் அது அடிக்கடி நின்னுபோகும். முன்னாடியே கெடந்தா தாண்டிப் போயிரும்.

அப்புறம் செட்டிங்ஸ். டிஎக்ஸ்விகே ஆன், மேல சொன்னபடி உங்க கார்டுக்கு ஏத்த வெர்ஷன். ரெண்டு கார்டு உள்ள லேப்டாப்புன்னா, அதாவது இன்டெலும் என்விடியாவும் சேந்து இருக்கது, டிஸ்க்ரீட் கிராபிக்ஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அத ஆன் பண்ணணும். இல்லன்னா வேலை எல்லாம் இன்டெலுக்குத்தான் போகும், பெரிய கார்டு சும்மா கெடக்கும். விண்டோ மின்னுதுன்னோ மெனு எல்லாம் தப்பான இடத்துல தொறக்குன்னோ இருந்தா விர்ச்சுவல் டெஸ்க்டாப்ப ஆன் பண்ணி பாருங்க, பிளான் வரையுற பழைய கேட் சாஃப்ட்வேருக்கு அது நல்லா கைகுடுக்கும்.

இனி கார்டு வரைக்கும் வேலை போச்சாங்கத பாக்கணும். டைரக்ட்3டி சாஃப்ட்வேருன்னா பாட்டில்ஸ் செட்டிங்ஸ்ல என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்னு இருக்கும், அங்க டிஎக்ஸ்விகே, ஒரு அண்டர்ஸ்கோர், ஹெச்யுடி, எல்லாம் பெரிய எழுத்துல, மதிப்பு 1ன்னு குடுங்க. சாஃப்ட்வேர் தொறந்ததும் மேல இடது மூலையில கார்டு பேரும், செகண்டுக்கு எத்தன படம் வரையுதுங்க எஃப்பிஎஸ்ஸும் தெரியும். கார்டு பேரு செரியா வந்துச்சுன்னா வேலை முடிஞ்சுது, அந்த 1ஐ எடுத்துருங்க. மூலையில ஒண்ணுமே வரல, ஆனா சாஃப்ட்வேர் ஓடுதுன்னா அது டிஎக்ஸ்விகே வழியா போகல, ஓபன்ஜிஎல்லா இருக்கும் இல்லன்னா வைன்டி3டில விழுந்திருக்கும். ஓபன்ஜிஎல் சாஃப்ட்வேருக்கு என்விடாப்னு ஒண்ண போட்டு டெர்மினல்ல ஓட விட்டுட்டு இங்க மாடல சுத்துங்க, கார்டோட சதவீதம் ஏறி இறங்கணும். மாடல் சுத்தும்போது அது பூஜ்யத்துலயே நிக்கி, பிராசஸர் மட்டும் கொதிக்குதுன்னா எங்கயோ அறுந்திருக்கு.

அருமனைல இருந்து ஒரு தம்பி, "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னைக்கு காலைல இருந்து கட்ட வண்டி மாதிரி போகு, நான் ஒண்ணும் தொடவே இல்ல"ன்னான். அவன் தொடல, அப்டேட் தொட்டிருக்கு. இது என்விடியா வச்சிருக்க எல்லாருக்கும் ஒருநாள் வரும், அதனால விரிவாவே சொல்லுதேன். ஃபிளாட்பேக் ஆப் எல்லாம் சிஸ்டத்துல இருக்க கிராபிக்ஸ் டிரைவர நேரா எடுத்துக்கிடாது, தனக்குன்னு ஒரு பிரதி வச்சிருக்கும். என்விடியால சிஸ்டத்து டிரைவர் நம்பரும் ஃபிளாட்பேக்குக்குள்ள இருக்க டிரைவர் நம்பரும் கடைசி புள்ளி வரைக்கும் ஒண்ணா இருக்கணும். சிஸ்டம் அப்டேட்ல டிரைவர் மாறி, ஃபிளாட்பேக் மாறாம நின்னா ரெண்டும் பொருந்தாது, பாட்டில்ஸ் சத்தமில்லாம எல்எல்விஎம்பைப்புக்கு போயிரும். மருந்து ரொம்ப லேசு, அப்டேட் மேனேஜர்லயே ஃபிளாட்பேக் அப்டேட்டையும் சேத்து ஓட்டி ரீஸ்டார்ட் பண்ணுங்க. டெர்மினல்னா ஃபிளாட்பேக், ஒரு இடம் விட்டு அப்டேட், அவ்வளவுதான். இன்டெல், ஏஎம்டிக்காரங்களுக்கு இந்த தொந்தரவு கெடையாது, இதுக்காகவே பழைய லேப்டாப் செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்ககிட்ட லினக்ஸுக்குன்னா ஏஎம்டி பாருங்கன்னு நான் சொல்லுகது.

மொதல் தடவ ஓட்டும்போது அங்கங்க ஒரு சின்ன தடுமாற்றம் வரும், ஷேடர்ங்க கார்டுக்கான சின்னச் சின்ன புரோகிராம் கம்பைல் ஆகுதுன்னு அர்த்தம், கார்டு செரியா வேலை செய்யும்போதும் அது வரும். ஒரே சீன கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருந்தா தானா போயிரும், அதுக்காக செட்டிங்ஸ கலைக்காதீங்க.

ஃபைல் எங்க வச்சிருக்கீங்கங்கதும் முக்கியம். ஃபிளாட்பேக்கு உங்க ஃபோல்டர் எல்லாத்தையும் பாக்க விடாது. டெஸ்க்டாப்ல இருக்க டிராயிங் சாஃப்ட்வேர்ல தெரியலன்னா ஃபிளாட்சீல்னு ஒரு ஆப் போட்டு பாட்டில்ஸுக்கு உங்க வேலை ஃபோல்டர மட்டும் தொறந்து விடுங்க. மொத்த ஹோமையும் தொறக்க வேண்டாம், தெரியாத இடத்துல எடுத்த இன்ஸ்டாலர் ஓட்டுறவங்க கண்டிப்பா தொறக்காதீங்க, வைன்ல விண்டோஸ் வைரஸும் ஓடும்.

தமிழ் எழுத்து. பிளான்ல ரூம் பேரு தமிழ்ல போடுறவங்களுக்கு கோர்ஃபான்ட்ஸ் மட்டும் பத்தாது. யூனிகோடுன்னா நோட்டோ சான்ஸ் தமிழ், பழைய ஃபைல் பாமினில இருந்தா அந்த ஃபான்ட் ஃபைலு, ரெண்டையும் பாட்டிலோட சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்ங்க இடத்துல காப்பி பண்ணி போடுங்க, சாஃப்ட்வேர மூடித் தொறந்தா வந்துரும். பாமினி சின்ன ஃபான்ட்டுதான், ஆனா அது இல்லாம பழைய டிராயிங்க தொறந்தா வரிக்கு வரி இங்கிலீஷ் எழுத்தா கெடக்கும், கஸ்டமர் முன்னாடி அது நல்லாருக்காது.

ஓடாதத சொல்லாம போனா உங்க நேரம் போயிரும். அடோபி, ஆட்டோடெஸ்க் இவங்களோட புது வெர்ஷன் எல்லாம் லாகின், லைசன்ஸ் சர்வீஸ்ங்க இடத்துலயே பெரும்பாலும் சிக்கிக்கிடும், படம் வரைய வரைக்கும் போகாது, அதுக்கு நாள் கணக்குல உக்காராதீங்க. லைசன்ஸுக்கு யூஎஸ்பி டாங்கிள் சொருகி ஓட்டுற சாஃப்ட்வேரும் பெரும்பாலும் கஷ்டம், அதுக்கு விண்டோஸோட கெர்னல்ல, அதாவது ஓஎஸ்ஸோட உள் மையத்துல, ஓடுற டிரைவர் வேணும், வைன் அத எல்லாம் ஏத்தாது. கேம்ல வேலரன்ட் ஓடாது, அதோட ஆன்ட்டி-சீட் கெர்னலுக்குள்ள உக்காருறது. ஆட்டோகேடோட டிடபிள்யூஜி டிராயிங்தான் முக்கியம்னா காசு குடுத்து வாங்குற பிரிக்ஸ்கேடுக்கு லினக்ஸ் வெர்ஷனே இருக்கு. பிளெண்டர், ஃப்ரீகேட், ஸ்வீட் ஹோம் 3டி எல்லாம் லினக்ஸ்லயே பிறந்த மாதிரி ஓடும், இதுகள வைனுக்குள்ள போட்டு ஓட்டுறவங்க உண்டு, அது தேவையே இல்லாத சுத்து.

வளைகுடால இருக்க ஆளுக்கு வீட்டு எலிவேஷன் வாட்ஸ்அப்ல அனுப்பணும், ராத்திரிக்குள்ள ரெண்டர் முடியணும்னு நிக்கிறவங்களுக்கு நான் சொல்லுற வழி இது. மாடல ஸ்கெட்ச்அப்ல வைன் வழியா பண்ணுங்க, ரெண்டர மட்டும் வைனுக்குள்ள பண்ணாதீங்க. கொலாடாங்க 3டி ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி லினக்ஸ் பிளெண்டர்ல தொறந்து அதோட சைக்கிள்ஸ்ங்க ரெண்டர் இன்ஜின்ல ரெண்டர் விடுங்க. அங்க என்விடியா கார்டு, என்விடியாவோட சொந்த வழிகளான ‘கூடா’, ‘ஆப்டிக்ஸ்’ வழியா நேரடியா வேலை செய்யும், நடுவுல மொழிமாத்துற ஆளே இல்ல. ஒண்ணு மட்டும் கவனம், பிளெண்டர் 5.0ல கொலாடாவ எடுத்துட்டாங்க, அதனால நீண்ட நாள் சப்போர்ட் உள்ள 4.5 எல்டிஎஸ் வெர்ஷன வச்சுக்கிடுங்க.

சூடு பத்தியும் சொல்லணும். கார்டு நெசமாவே வேலை செய்ய ஆரம்பிச்சா லேப்டாப் முன்ன விட சூடாகும், ஒரு அளவுக்கு மேல போனா தானே வேகத்த குறைச்சுக்கிடும், அத பாத்துட்டு வைன்ல கோளாறுன்னு நெனச்சிடக் கூடாது. குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி கடல் ஓரத்துல இருக்கவங்க லேப்டாப்ப தொறந்து பாத்தா ஃபேன்ல தூசியும் உப்புக்காத்து ஈரமும் சேந்து அப்பிக் கெடக்கும். சர்வீஸ் பண்ணுற ஆளுகிட்ட குடுத்து ஃபேன சுத்தம் பண்ணி தெர்மல் பேஸ்ட் மாத்துங்க, பைய செய்யலாம்னு தள்ளாதீங்க. சார்ஜர் சொருகாம பேட்டரில ஓட்டினாலும் கார்டு பெரும்பாலும் வேகம் குறைஞ்சுதான் ஓடும், அதனால வேகத்த அளக்கும்போது சார்ஜர் சொருகியே அளங்க.

எல்லாம் செரியா வந்து ஒரு வாரம் வேலை செஞ்சு பாத்து திருப்தின்னா, பாட்டில்ஸ்ல அந்த பாட்டிலோட மெனுவுல பேக்கப்புன்னு இருக்கும், முழு ஆர்க்கைவா எடுத்து ஒரு பென்டிரைவ்ல போட்டு வைங்க. எந்த ரன்னர், எந்த டிஎக்ஸ்விகே வெர்ஷன், எந்த டிரைவர் நம்பர்ல ஓடுச்சுன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி அதே பென்டிரைவ்ல வைங்க. மின்ட் அடுத்த வெர்ஷனுக்கு ஏத்துறதுக்கு முன்னாடி இது கையில இருக்கணும், ஏத்தின பிறகு மொதல் வேலையா ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவ ஓட்டி ரெண்டரர் வரில கார்டு பேரு இருக்கான்னு பாத்துட்டு பாட்டில திரும்ப இறக்குங்க.